சர்க்கரை வியாதி மாதிரிதான்

மார்ச் 4

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத எனக்கு இப்போது மனமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் சங்கத்து ஆண்டு மலரில் நீ எழுதிய கட்டுரை இங்கே வந்து சேர்ந்துவிட்டது. நீ அனுப்பவில்லை. யாரோ இணையத்தில் போட்டு, அது ஊரெல்லாம் சுற்றி, உன் அக்கா மகள், நம் குட்டியின் போனுக்கே வந்திருக்கிறது. படுத்த இடத்திலிருந்தே எனக்கு வாசித்துக் காட்டினாள். "மூளையில் ஒரு ரசாயனம் குறைகிறது, சர்க்கரை வியாதி மாதிரிதான் என்று டாக்டர்களிடம் சொல்லிச் சொல்லியே மாத்திரை விற்றோம். அப்படி ஒன்று குறைவதாக யாரும் அளந்து நிரூபித்ததில்லை. அந்தச் சர்க்கரை வியாதி வாக்கியத்தை நான் முதலில் சொல்லிப் பார்த்தது என் சொந்த அக்காவின் வீட்டில்."

வாசித்து முடித்துவிட்டுச் சிரித்தாள். ஒன்றரை மாதத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். "கேட்டியாம்மா? உன் தம்பியே எழுதியிருக்காரு. இத்தனை வருஷமா உன் காதுல பூ சுத்தியிருக்காங்க. இப்ப நீ எனக்குச் சுத்தப் பாக்குற."

அவள் நிலைமை உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலைக்கு அவள் போவதில்லை. கடையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். குளிப்பதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். தாஜா பண்ணி, கெஞ்சி, அதட்டி, ஒருவழியாக டாக்டரிடம் வருகிறேன் என்று அவள் வாயால் சொல்ல வைத்திருந்தேன். நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் உன் கட்டுரை வந்தது. இப்போது வரமாட்டேன் என்கிறாள். மாத்திரையே பொய் என்கிறாள்.

போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். உன் குரலைக் கேட்டால் நீ பேசிப் பேசியே என்னைக் கவிழ்த்துவிடுவாய். உனக்கு ரேடியோ என்று சும்மாவா பேர் வைத்தோம்? சொல்ல வேண்டியதை எழுது. எழுத்தென்றால் நான் நாலு தடவை படித்து யோசிக்கலாம்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. வந்தது என்பதைவிட விழுந்தது என்று சொல்லலாம், நேராக என் மண்டையில்.

முதலில் ஒன்று. அந்தக் கட்டுரைக்கு எவ்வளவு பாராட்டு என்று உனக்குத் தெரியாது. எங்கள் பழைய மேலாளர், எவனையும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாத மனுஷன், கூப்பிட்டுப் பேசினார். "உண்மையச் சொல்ல ஒரு தில்லு வேணும்யா" என்றார். வாழ்நாள் முழுக்கப் பெட்டியும் கையுமாக டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடந்தவனுக்கு ஓய்வுபெற்ற பிறகாவது கொஞ்சம் மரியாதை கிடைக்கக் கூடாதா?

இரண்டாவது, மாத்திரை பொய் என்று நான் எழுதவே இல்லை. அடுத்த பத்தியைப் படிக்கச் சொல் அவளை. மாத்திரை பலருக்கு உதவுகிறது, நானே கண்ணால் பார்த்திருக்கிறேன், ஏன் உதவுகிறது என்று நாங்கள் அடித்துவிட்ட காரணத்துக்குத்தான் ஆதாரமில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். இது வேறு, அது வேறு. படித்த பெண், இது கூடவா புரியாது?

உன் பேரையும் போடவில்லை. சொந்த அக்கா என்றுதான் எழுதினேன். அதில் யாருக்கு என்ன தெரியப் போகிறது?

குட்டியைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே. இந்த வயசில் எல்லோருக்கும் ஒரு சுணக்கம் வரும். வேலை அலுத்திருக்கும், இல்லை யாராவது ஒரு பையன் ஏமாற்றியிருப்பான். எங்காவது நாலு நாள் வெளியே கூட்டிக்கொண்டு போ. இடம் மாறினால் மனசு மாறிவிடும். அத்தானையும் கொஞ்சம் கலகலப்பாக இருக்கச் சொல்.

உன் அன்புத் தம்பி,
ரேடியோ


மார்ச் 13

தம்பிக்கு,

சொந்த அக்கா என்று எழுதினால் யாருக்குத் தெரியும் என்கிறாயே, உனக்கு எத்தனை அக்கா?

இடம் மாறினால் மனசு மாறிவிடுமாம். இதைப் படித்ததும் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். இதே வார்த்தையை யார் சொல்வார் தெரியுமா? என் மாமியார். உனக்கு மறந்திருந்தாலும் எனக்கு மறக்கவில்லை.

குட்டி அப்போது நடக்கப் பழகின குழந்தை. நான் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தேன். குழந்தை அழுவது காதில் விழும், கை நீளாது. "சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேர் வெச்சுக்கிட்டா ஆச்சா? நாங்கல்லாம் புள்ள பெத்துக்கலையா?" என்று அந்த அம்மா கூடத்தில் உட்கார்ந்து சொல்வார். வீட்டுக்கு யாராவது வந்தால் என் அறைக்கு வெளித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். உன் அத்தான் செய்தித்தாளை விட்டுத் தலையை எடுக்கமாட்டார். அவரைத் தப்பு சொல்ல மாட்டேன், அவருக்கும் எனக்கு என்ன என்று தெரியாது. எனக்கே தெரியாது. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்போதுதான் நீ கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தாய். வண்ணப் படத்தை விரித்து என் மாமியார் மடியில் வைத்தாய். இரண்டு நரம்பு, நடுவில் புள்ளி புள்ளியாக ஏதோ. "இந்தப் புள்ளி அக்காவுக்குக் கம்மியா இருக்கு, அவ்வளவுதான். சர்க்கரை வியாதி மாதிரிதான். உங்களுக்குச் சர்க்கரை இருக்கே, உங்கள யாராவது சோம்பேறின்னு சொல்றாங்களா?" என்றாய். மறுநாள் நீயே என்னை டாக்டரிடம் அழைத்துப் போனாய். அதற்கப்புறம் என் கதவுக்கு யாரும் தாழ்ப்பாள் போடவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடம் தலைநிமிர்ந்து நடந்திருக்கிறேன். கார் ஓட்டப் பழகினேன், ஓட்டுநர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன், எத்தனையோ பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதலாளியிடம் சொன்னபோதும் இதே வாக்கியம்தான். நடுங்கிக்கொண்டே வண்டி பழக வந்த ஒரு பெண்ணுக்கும் இதையேதான் சொன்னேன். குட்டிக்கு என்றும் அதையே வைத்திருந்தேன். அவள் என்னைப் போலப் படுத்துவிட்டால் சொல்வதற்கு எனக்கு ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தேன். அதை நீ சங்க மலரில் கைதட்டலுக்குக் கொடுத்துவிட்டாய்.

சரி, அது உண்மையில்லை என்றால் இல்லைதான். எது உண்மையோ அதை எழுது. அவளிடம் நான் என்ன சொல்ல வேண்டும்? அன்றைக்கு ஒரே வாக்கியத்தில் சொன்னாயே, இன்றைக்கும் ஒரே வாக்கியத்தில் சொல்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வாரமாக எழுதி எழுதிக் கசக்கிப் போடுகிறேன். ஒரே வாக்கியத்தில் வரமாட்டேன் என்கிறது. பொய்தான் ஒரே வாக்கியத்தில் அடங்குகிறது போல. ஆகவே நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இதை அவளிடமே படிக்கக் கொடு.

குட்டி, மாமா எழுதுகிறேன். எங்கள் மருந்துகள் எப்படி வந்தன என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். எழுபது எண்பது வருடத்துக்கு முன்னால் மனநோய் ஆஸ்பத்திரி என்றால் பூட்டும் சாவியும்தான். பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் மணிக்கணக்காக உட்கார வைப்பார்கள். இன்சுலின் ஊசி போட்டு மயக்கத்தில் தள்ளுவார்கள். மூளையில் கத்தி வைத்ததும் உண்டு, அதற்குப் பெரிய பரிசே கொடுத்தார்கள். செய்தவர்கள் எல்லோரும் ராட்சசர்கள் இல்லை, அன்றைக்கு அதைத்தான் விஞ்ஞானம் என்று நம்பினார்கள்.

அப்புறம் ஒரு மருந்து வந்தது. அது அலர்ஜிக்குச் செய்த மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளி பதறாமல் இருக்க எதையாவது கொடுக்கலாமா என்று தேடிய ஒரு டாக்டர், இது மனநோயாளிக்கும் உதவலாமே என்று யோசித்தார். கொடுத்துப் பார்த்தார்கள். வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்த வார்டுகள் அடங்கின. மனச்சோர்வுக்கு வந்த முதல் மருந்துகளில் ஒன்று காசநோய்க்குச் செய்தது. அதைச் சாப்பிட்ட காசநோயாளிகளுக்குப் பசி எடுத்தது, உற்சாகம் வந்தது, வராந்தாவில் ஆடினார்கள் என்று கூடச் சொல்வார்கள். நுரையீரலுக்குக் கொடுத்தது மனசுக்கு வேலை செய்கிறதே என்று ஆச்சரியப்பட்டார்கள். இப்படித்தான், தடுக்கி விழுந்து, ஒவ்வொன்றாக.

மருந்து கிடைத்த பிறகுதான் காரணம் தேடினார்கள். இந்த மருந்து மூளையில் செரட்டோனின் என்கிற ரசாயனத்தைக் கூட்டுகிறது, ஆகவே அது குறைந்ததுதான் வியாதி என்று ஒரு கணக்கு. ஆராய்ச்சி செய்தவர்கள் அதை ஓர் ஊகமாகத்தான் வைத்தார்கள். நாங்கள் அதைப் படம் போட்டு, பேனாவில் அச்சடித்து, மேஜை நாட்காட்டியில் தொங்கவிட்டு, சத்தியமாக்கிவிட்டோம். தலைவலி மாத்திரை போட்டால் வலி போகிறது என்பதற்காக, உடம்பில் அந்த மாத்திரை குறைந்ததால்தான் தலை வலித்தது என்று சொல்ல முடியுமா?

இதனால் மாத்திரை வேண்டாம் என்று ஆகாது. பலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. காரணம் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. அம்மா சொல்வதைக் கேட்டு டாக்டரைப் பார்.

அக்கா, இதற்கு மேல் சுருக்க எனக்குத் தெரியவில்லை.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

கொடுத்தேன், படித்தாள். "மாமா நல்லா எழுதறாரு" என்றாள். எனக்கு உயிரே வந்தது. அடுத்து என்ன சொன்னாள் தெரியுமா? "தடுக்கி விழுந்து கண்டுபிடிச்சத நான் ஏன் முழுங்கணும்?" சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் கேட்டது தண்ணீர், நீ கொண்டு வந்து கொட்டியது லாரி மணல். தொட்டியும் கத்தியும் அவளுக்கு எதற்கு? அதையெல்லாம் படித்த பிறகு ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்கிறாள். நேற்று அரை ரொட்டி சாப்பிட்டாள். தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடக்கிறது, சீப்பு வைக்க விடுவதில்லை. "நான் இல்லன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதிதான்" என்று சாதாரணமாக, தண்ணீர் கேட்பது போலச் சொல்கிறாள். கேட்டதிலிருந்து நான் அவள் அறை வாசலிலேயேதான் படுக்கிறேன். உன் அத்தான் "எல்லாம் சரியாப் போயிடும்" என்கிறார். அவருக்கு எப்போதுமே எல்லாம் சரியாய்ப் போய்விடும்.

பேசிப் பிரயோஜனமில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் ஓட்டுநர் பள்ளிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. "பயப்படாதீங்க, எங்கிட்டயும் பிரேக் இருக்கு" என்று வாயால் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. முதல் நாளே ஒரு தடவை அமுக்கிக் காட்டுவேன். வண்டி டக்கென்று நிற்கும். அதற்கப்புறம்தான் அவர்கள் தோள் இறங்கும்.

அதையே செய்துவிட்டேன். நேற்றிலிருந்து என் மாத்திரையை நிறுத்திவிட்டேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான். "பாத்துக்கோ. இது இல்லாம அம்மா எப்படி ஆகறேன்னு கண்ணால பாரு. பாத்துட்டு நீயே முடிவு பண்ணு" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

உனக்கென்ன பைத்தியமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்து, அந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

இன்றைக்கே மாத்திரையைப் போடு. இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் போடு. அப்புறம் டாக்டரிடம் போய் இத்தனை நாள் விட்டுவிட்டேன் என்று சொல்.

நீ நினைக்கிற மாதிரி இல்லை இது. பல வருடம் சாப்பிட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், நிறுத்தியதாலேயே உடம்பு ஆட்டம் காணும். தலை சுற்றும், மண்டைக்குள் கரண்ட் வெட்டுவது போல இருக்கும், எரிச்சல் வரும், அழுகை வரும். அது பழைய வியாதி திரும்பி வந்ததா, மாத்திரை விட்டதன் வினையா என்று உன்னாலும் சொல்ல முடியாது, பார்த்துக்கொண்டிருக்கிற அவளாலும் சொல்ல முடியாது. நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இந்த விவகாரத்தையும் நாங்கள் பல வருடம் வெளியே சொல்லாமல் அமுக்கி வைத்திருந்தோம்.

அதனால் உன் செயல்விளக்கம் எதையும் நிரூபிக்காது. நான் அன்றைக்குக் காட்டிய படம் எவ்வளவு பொய்யோ, நீ இப்போது காட்டுகிற படமும் அவ்வளவு பொய். பழைய பொய்யை நான் வாய் விட்டு ஒத்துக்கொண்டால், நீ உடம்பை வைத்துப் புதிதாக ஒன்று தயார் செய்கிறாய்.

அத்தானைக் கூப்பிட்டேன். "அவ முடிவு பண்ணிட்டா நான் என்னப்பா சொல்றது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனை வீசியடித்திருப்பேன். நீயும் எடுக்கமாட்டேன் என்கிறாய். எழுதிவிட்டு, பதிலுக்குத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் என்ன கல்லா?

காரைத் தொடாதே. பிரேக் யார் காலடியில் இருந்தாலும் சரி.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

நீ சொன்னது போலவே மண்டைக்குள் வெட்டுகிறது. கண்ணைத் திருப்பினால் ஒரு வெட்டு, தலையைத் திருப்பினால் ஒரு வெட்டு. இதை எழுதவே நாலு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

காரைத் தொடாதே என்ற உன் கடிதம் வருவதற்குள் தொட்டாகிவிட்டது. ஒரு பையன் ஓட்டிக்கொண்டிருந்தான், ஒழுங்காகத்தான் ஓட்டினான். குறுக்கே யாரோ வருவது போல எனக்குத் தோன்றி பிரேக்கை மிதித்துவிட்டேன். குறுக்கே யாருமில்லை. பின்னால் வந்த வண்டி இடித்தது. யாருக்கும் அடி இல்லை, பம்பர்தான் போயிற்று. பையன் அழுதுவிட்டான். "என்ன மேடம், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டான்.

முதலாளி லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுபடி தொடங்கமாட்டேன். இவ்வளவு பட்டாகிவிட்டது, அவள் பார்க்கிற வரைக்கும் பார்க்கட்டும். நேற்று கதவருகே வந்து நின்று கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ வராதே. வந்தால் நீ பேசுவாய், எனக்குச் சத்தம் தாங்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துப் பையையும் கட்டிவிட்டேன். கிளம்புகிற நேரத்தில் குட்டியிடமிருந்து போனில் இரண்டு வரி வந்தது. "மாமா, வராதீங்க. நான் பாத்துக்கறேன்." எதைப் பார்த்துக்கொள்கிறாள், எப்படிப் பார்த்துக்கொள்கிறாள், ஒன்றும் இல்லை. திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அம்மாவும் பெண்ணும் இந்த விஷயத்தில் மட்டும் அச்சு அசல்.

எனக்குக் கோபமாக இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. உன் மேல் கோபம், அத்தான் மேல் கோபம், அந்த மலரில் கட்டுரை கேட்ட சங்கச் செயலாளர் மேல் கூடக் கோபம். நான் பொய் சொன்னபோது ஒரு வீடு பிழைத்தது. உண்மையை எழுதினேன், இரண்டு பேர் படுக்கையில். இதற்கு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீயே சொல். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமா? இருந்திருந்தால் வேறு யாராவது எழுதி அவள் படித்திருக்கமாட்டாளா?

பையைப் பிரிக்காமல் வாசலிலேயே வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வரியாவது எழுது. மாத்திரை போட்டாயா?

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

போட்டுவிட்டேன். போட்டு இரண்டு வாரமாகப் போகிறது. மண்டைக்குள் வெட்டுவது நின்றுவிட்டது. நீ பையைப் பிரித்துத் துணியை உள்ளே வை.

நடந்ததைச் சொல்கிறேன். குளியலறையில் தலை சுற்றி நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், எழ முடியவில்லை. உன் அத்தான் வேலைக்குப் போயிருந்தார். குட்டிதான் வந்து தூக்கினாள். தூக்கி உட்கார வைத்து, துண்டால் துடைத்து, அப்புறம் பிடித்தாள் பார், ஒரு பிடி. "இத நான் என்னன்னும்மா எடுத்துக்கறது? மாத்திர நல்ல மாத்திரன்னா, இல்ல விட்டதுக்குத் தண்டனன்னா? மாமா உனக்கு எழுதினத நானும் படிச்சேன். இது எதுக்கும் சாட்சி இல்ல. எனக்காக இப்படிப் பண்ணாத. பாக்க முடியல" என்றாள். கத்தினாள், அழுதாள். அவள் கத்தியதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அன்றைக்கே என் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனாள். சிக்குப் பிடித்த முடியை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு. என் பழைய டாக்டர் இல்லை, புதிதாக வந்திருக்கிற பெண். சளி பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். முதலில் எனக்குக் கிடைத்தது டோஸ். "ஓடற வண்டியில ஹேண்ட் பிரேக் இழுப்பீங்களா மேடம்?" என்றாள். எல்லோரும் என் தொழிலை வைத்தே எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொன்னாள்.

அப்புறம் குட்டி ஆரம்பித்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சண்டைக்குப் போவது போல, "இவங்களுக்கு நிஜமாவே ரசாயனம் குறையுதா?" என்று கேட்டாள். சர்க்கரை வியாதி மாதிரிதான் என்று இந்த டாக்டரும் சொல்லிவிட்டால் என் பெண் எழுந்து போய்விடுவாள்.

"தெரியல. குறையுதுன்னு அளந்து சொல்ல எங்கிட்ட ஒரு டெஸ்ட்டும் இல்ல. இது ஏன் வருதுன்னு முழுசா யாருக்கும் தெரியாது. மாத்திர சிலருக்கு நல்லாக் கேக்குது. பேசிப் பாக்கற சிகிச்சையும் உதவுது. உங்களுக்கு எது ஒத்துவரும்னு இப்பவே சொல்ல முடியாது, சேர்ந்துதான் பாக்கணும்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் குட்டி.

"உங்கள நான் இன்னைக்குத்தானே பாக்கறேன்" என்றாள் அந்தப் பெண்.

நீ எழுதியதையே டாக்டரும் சொன்னாள் என்று நீ சந்தோஷப்படுவாய், எனக்குச் சந்தோஷமில்லை. என் பெண்ணைச் சாகவேண்டும் போல இருக்கிறதா என்று நேருக்கு நேர் கேட்டாள் அந்த டாக்டர். "சில நாள்" என்றாள் இவள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மாத்திரையும் தொடங்கலாம் என்று டாக்டர் சொன்னதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று விட்டாள். வாரா வாரம் பேசுவதற்கு மட்டும் ஒத்துக்கொண்டு இரண்டு தடவை போய் வந்திருக்கிறாள். அதற்கு நடுவில் ஒரு நாள் முழுக்கப் படுத்தேதான் கிடந்தாள். இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளியிலிருந்தும் இன்னும் கூப்பிடவில்லை. எல்லாம் அந்தரத்தில்தான் நிற்கிறது.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தோம். ஜன்னல் பக்கம் அவள். பாதி வழியில் என் பக்கம் திரும்பி, "அம்மா, அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

நான் வழக்கம் போல, "அது வந்து, சர்க்கரை வியாதி..." என்று ஆரம்பித்துவிட்டேன். பாதியில் நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை, தம்பி. உன் அத்தான் கேட்டதில்லை. மாமியார் கேட்டதில்லை. நீ படத்தை விரித்துப் பதிலைச் சொல்லிவிட்டாய், அதற்கப்புறம் யாருக்கும் கேட்கத் தேவை இருக்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. வியாதிக்கு ஒரு பேர் கிடைத்த சந்தோஷத்தில் மூட்டை கட்டி மூலையில் போட்டுவிட்டேன்.

அவளிடம் சொன்னேன். தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். குழந்தையின் அழுகை எவ்வளவு தூரத்தில் கேட்கும் என்று சொன்னேன். இன்னும் சிலது சொன்னேன், அதை உனக்கு எழுதப் போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்மா" என்றாள். ஒரு இடத்தில் "எனக்கும் அப்படித்தான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டோம். அடுத்ததிலும் இறங்கவில்லை.

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. தாழ்ப்பாளைத் திறந்துவிட்டவன் நீதான், அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

உன் கடிதத்துக்குப் பதிலாக ஆறு பக்கம் எழுதினேன். திரும்பப் படித்தால் எல்லாம் விளக்கமாக இருக்கிறது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

எவ்வளவு பக்கம் ஆனாலும் சரி, எவ்வளவு நாள் ஆனாலும் சரி, நீ எழுது. நான் நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

அப்போது உனக்கு எப்படி இருந்தது?

தம்பி